கல்வீட்டு அம்மா சாப்பிடாத திங்கட்கிழமை

லவோன் உன்ரூவுக்குப் பெற்ற பிள்ளை கிடையாது. ஆனாலும் அவளை அம்மா என்று கூப்பிட ஒரு வீடு நிறையத் தடியன்கள் இருந்தார்கள். சம்பளத்துக்கு அம்மா. எங்கள் கான்சஸ் பக்கத்தில் அது ஒரு வேலை. கல்லூரிப் பையன்கள் சங்கமாகச் சேர்ந்து ஒரே வீட்டில் குடியிருப்பார்கள். ஒருவனையொருவன் பிரதர் என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். வாசலுக்கு மேலே மூன்று கிரேக்க எழுத்துகள் பதித்திருக்கும், கிரேக்க மொழி தெரிந்தவன் உள்ளே ஒருவனும் இருக்கமாட்டான். அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகளில் வயதான பெண்மணி ஒருத்தி குடியிருந்து, சாப்பாட்டு மேசையில் அவர்களை மனிதர்கள் மாதிரி உட்கார வைப்பதும், வந்த விருந்தாளியை வரவேற்பதுமாக இருப்பாள். அவளுக்கு அம்மா என்று பெயர்.

சுண்ணாம்புக் கல்லில் கட்டிய வீடு என்பதால் ஊரில் எல்லோருக்கும் அது கல்வீடு. அதற்கு நேர் எதிரே என் வீடு. நான் பெர்ட்டி கிளாசன், தபால் நிலைய ஜன்னலுக்குப் பின்னால் ஆயுள் முழுக்க உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு என்று பெயர்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் ரோஜாச் செடிகளுக்குள் பீர் டப்பா பொறுக்கும் வேலை அதன் பிறகுதான் ஆரம்பித்தது. போய்க் கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: "யாரோ ஒருத்தன் போட்டது மேடம், வீட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல." அந்த 'யாரோ ஒருத்தனை' நான் இன்றுவரை பார்த்ததில்லை. அதனால்தான் தெருவில் கையெழுத்து வாங்கிக் கல்லூரிக்கு ஒரு மனு கொடுத்தேன். உறுப்பினன் எவன் என்ன செய்தாலும் சங்கம் பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வீட்டைப் பூட்ட வேண்டும் என்று.

லவோனுக்கும் எனக்கும் சீட்டாட்டத்தில் தவிர சண்டை வந்ததே இந்த ஒரு விஷயத்தில்தான்.

"ஒருத்தன் தப்பு பண்ணினா அவனப் புடி. வீட்ட ஏன்டி புடிக்கறே?" என்பாள்.

"கோப்பை ஜெயிச்சுட்டு வந்தா மட்டும் நாங்க நாங்கன்னு தெரு அதிர கத்தறானுங்கல்ல? அப்ப என் ரோஜாவுல டப்பா போட்டதும் நாங்கதான்."

"ஒவ்வொருத்தனுக்கும் பெத்தவ ஒருத்தி இருக்கா. அவ வளர்த்த வளர்ப்புக்கு வீடு என்ன பண்ணும்?"

"அப்ப நீ எதுக்கு அங்க அம்மான்னு உக்காந்திருக்கே?"

"சீட்டப் போடு, பெர்ட்டி."

அவள் ஏன் அப்படிப் பேசுகிறாள் என்பது எனக்குத் தெரியும். லவோன் மென்னோனைட் என்ற கட்டுப்பாடான கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவள். அவள் அப்பாவுக்குச் சீட்டும் பாவம், சினிமாவும் பாவம். சண்டையே கூடாது என்ற சபையில் வளர்ந்தவள், டிவியில் மல்யுத்தம் போட்டால் நாற்காலி நுனிக்கு வந்து, "அவன் கழுத்தப் புடிடா!" என்று கத்துவாள். கணவன் ஹார்லன் கூட்டுறவுச் சங்கத்தின் தானியக் கிடங்குக்கு மேலாளர். வேலையோடு வீடும் கொடுத்திருந்தார்கள். ஹார்லன் போய்ச் சேர்ந்ததும் கூட்டுறவுச் சங்கத்துக்காரர்கள் நல்ல மனிதர்கள்தான், துக்கம் கேட்டார்கள், சாப்பாடு கொண்டுவந்தார்கள், பிறகு புது மேலாளருக்கு வீடு வேண்டும் என்றார்கள். தன் சமையலறையில் இன்னொருத்தி திரைச்சீலை அளவெடுப்பதைப் பார்த்துக்கொண்டே லவோன் பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கினாள். கல்வீட்டுக்கு அம்மா தேவை என்ற விளம்பரத்தை நான்தான் அவளுக்குக் காட்டினேன். அதற்குப் பிறகு அந்த இரண்டு அறைகள்தான் அவளுக்கு வீடு. "மறுபடி ஒருவாட்டி வேலையோட வீடும் போச்சுன்னா என்னால முடியாதுடி" என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள். என் மனுவில் கையெழுத்து வாங்கும்போதெல்லாம் அது என் காதில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அதற்காக நான் நிறுத்தவும் இல்லை.

பையன்களிடம் அவளுக்கு இருந்த ஒரே அதிகாரம் திங்கட்கிழமை இரவுச் சாப்பாடு. அன்றைக்கு எல்லோரும் கோட்டும் டையும் போட்டு வரவேண்டும். ஒருவன் அவள் கையைப் பிடித்து அழைத்து வருவான், இன்னொருவன் நாற்காலியை இழுத்துப் போடுவான். அம்மா முள்கரண்டியை எடுக்கும்வரை மேசையில் எவனும் எடுக்கக்கூடாது. எவன் வைத்த வழக்கமோ தெரியாது, பாடத்தை மறந்தாலும் பையன்கள் அதை மறக்கமாட்டார்கள். எவன் மீதாவது கோபம் என்றால் லவோன் துடைக்கும் துணியை மெதுவாக விரித்து, மெதுவாகத் தண்ணீர் குடித்து, அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கரண்டி எடுக்கமாட்டாள். பக்கத்தில் இருப்பவர்கள் பசியில் அவனை மேசைக்கடியில் உதைப்பார்கள். கண்ணாடி உடைத்தவன், சோபாவில் வாந்தி எடுத்தவன் எல்லோரும் இப்படித்தான் மாட்டினார்கள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அதை வழக்கம் என்று யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். மூன்று தெரு தள்ளி இன்னொரு சங்கத்தின் வீட்டில் பழைய பள்ளிக்கூட மணி ஒன்று இருந்தது. இலையுதிர்காலப் பெரிய ஃபுட்பால் ஆட்டத்துக்கு முன்னால் கல்வீட்டுப் புதுப் பையன்கள் அதைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். அடுத்த வாரம் அவர்கள் வந்து திருப்பித் தூக்கிப் போவார்கள். கல்லூரி இதைத் தடை செய்து, இனி நடந்தால் வீட்டுக்குப் பூட்டு என்று எச்சரித்திருந்தது. எல்லாச் சங்கங்களும் சம்மதம் என்று தலையாட்டிவிட்டு, வழக்கம்போலத் தூக்கினார்கள். வழியில் மாட்டிக்கொண்டவன், தான் தனியாக வந்ததாகத்தான் சொல்லவேண்டும் என்பது அவர்களுக்குள் ஒரு சட்டம். அதில் அவர்களுக்குப் பெருமை வேறு.

அந்த வருஷம் மணியைக் கொண்டுவந்த வண்டியை ஓட்டியவன் எல்லிஸ் ஹார்ம்ஸ். மேற்கே கொலராடோ எல்லைப் பக்கத்துக் கோதுமைப் பண்ணைப் பையன், கல்லூரியில் முதல் வருஷம். வாயைத் திறந்து பேசமாட்டான். கல்வீட்டில் எனக்குப் பிடித்த ஒரே ஆள் அவன்தான். என் கூரை நீர்க்குழாயில் அடைத்திருந்த இலைகளை நான் கேட்காமலே ஏணி போட்டு எடுத்தவன். சனிக்கிழமை மத்தியானம் லூத்தரன் தேவாலயத் திருப்பத்தில் அவனுடைய பழைய பிக்கப் வண்டியின் பின்கதவு திறந்துகொண்டது. மணி உருண்டு தெருவில் விழுந்தது. பின்னால் சைக்கிளில் வந்த மெர்வின் ஓபர்ட் அதில் மோதாமல் ஒடித்துத் திருப்பி, தலைகுப்புற வாய்க்காலில் விழுந்தார்.

மெர்வின் எங்கள் தேவாலயப் பாடற்குழுவில் கீழ்க்குரல் பாடுபவர். பார்வை மங்கியதால் கார் ஓட்டுவதை விட்டு சைக்கிளுக்கு வந்தவர். எல்லிஸ் ஓடவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வாய்க்கால் தண்ணீரிலேயே உட்கார்ந்திருந்தானாம். போலீஸ் கேட்டதற்கு, "நான் தனியாத்தான் வந்தேன் சார்" என்று சொன்னான். மெர்வினுக்குத் தொடை எலும்பு முறிவு. அது போகட்டும், அவர் கண் விழிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாடற்குழுவில் அவர் இடத்தைப் பார்க்க முடியாமல் நான் பாட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலையில் லவோன் என் சமையலறைக்கு வந்தாள். கையில் கடலை மிட்டாய்ப் பொட்டலம். மனசு சரியில்லை என்றால் அவளுக்கு அது வேண்டும்.

"நேத்து மீட்டிங் போட்டு முடிவு பண்ணிட்டாங்க" என்றாள். "எல்லிஸ் தன்னிஷ்டத்துக்குப் போய்த் தூக்கிட்டு வந்தானாம். வீட்டுல யாருக்கும் தெரியாதாம். அவன சங்கத்துலேருந்து எடுத்துட்டோம்னு காலேஜ் டீனுக்குக் கடிதமும் அனுப்பிட்டாங்க. நாளைக்குக் காலைல டீன் விசாரிக்கறாங்க. காலேஜும் அவன அனுப்பிடும். வீடு தப்பிச்சுது."

"அந்த மணிய ஒருத்தனால தூக்க முடியுமா லவோன்?"

அவள் இன்னொரு துண்டு எடுத்துக் கடித்தாள்.

"நாலு பேர் வேணும். உனக்கே தெரியும்" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் மாடிக்கே போறதில்ல" என்று சொல்லி அழுத்திக் கடித்தாள். கடக் என்று சத்தம். மிட்டாய் என்று நினைத்தேன். கடவாய்ப்பல் இரண்டாகப் பிளந்திருந்தது.

மத்தியானம் பல் டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். வேர் வளைந்து கிடக்கிறது என்று மயக்கம் கொடுத்துத் தோண்டி எடுத்தார்கள். வெளியே வரும்போது அவள் முகத்தில் பாதி பலூன் மாதிரி ஊதியிருந்தது. உதடு தொங்கியது. வாயில் பஞ்சு. வீட்டுக்குப் போய்ப் படு என்றால் கேட்கவில்லை. கல்வீட்டுச் சாப்பாட்டு அறையைக் கையால் காட்டி, "இங்கக்... இங்கக்..." என்றாள். திங்கட்கிழமை என்கிறாள் என்று புரிந்துகொண்டேன். தள்ளாடுகிறவளைத் தனியாக விடமுடியுமா? விருந்தாளியாக நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் நான் கல்வீட்டில் சாப்பிட உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மனுக் கொடுத்தவள் வந்திருக்கிறாள் என்று பையன்கள் முகம் வெளுத்துப் பார்த்தார்கள்.

பொரித்த மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு மசியல், மேலே வெள்ளைக் கிரேவி. எல்லோர் தட்டிலும் ஆவி பறந்தது. எல்லிஸின் நாற்காலி மட்டும் காலி. அவனை மேசைக்கு வரக்கூடாது என்று சொல்லி, மாடியில் சாமான் கட்ட விட்டிருந்தார்கள். மறுநாள் அவன் அம்மா வண்டி எடுத்துக்கொண்டு வருகிறாளாம்.

சாப்பாட்டுக்கு முன் வழக்கமான பாட்டைப் பாடினார்கள், உட்கார்ந்தார்கள். லவோன் முள்கரண்டியை எடுக்கவில்லை.

எனக்கு நல்ல பசி. எப்போது எடுப்பாள் என்று பார்த்தேன். அவள் அசையாமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தவன் டக்கர் என்ற பையன். செம்பட்டைத் தலை, தடித்த கழுத்து. அவன் முதலில் டையைச் சரிசெய்தான். பிறகு தட்டைப் பார்த்தான். பிறகு பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். பக்கத்தில் இருந்தவன் வேறெங்கோ பார்த்தான். ஆவி நின்றது. கிரேவி மேல் ஆடை படிந்தது. லவோனின் ஒரு கண் லேசாக இமைத்தது, அவ்வளவுதான்.

"டேய், என்னடா..." என்று யாரோ முனகினான்.

டக்கரின் கழுத்து சிவந்தது, காது சிவந்தது. "அம்மா, பின்கதவ நான்தான் சாத்தினேன்" என்றான். குரல் சின்னப் பையன் குரலாகிவிட்டது. "கொக்கி விழுந்துச்சான்னு எல்லிஸ் கேட்டான். விழுந்துருச்சுன்னு சொன்னேன். நான் பாக்கவே இல்லம்மா."

மேசைத் தலையில் இருந்த பிரைஸ், சங்கத் தலைவன், "டக்கர், வாய மூடு" என்றான்.

லவோன் அசையவில்லை.

"நான் ஒரு பக்கம் புடிச்சேன்" என்றான் இன்னொருவன். "நானும்" என்றான் அவனுக்கு அடுத்தவன். "நான் அவங்க வீட்டுப் பின்வாசல்ல காவலுக்கு நின்னேன்." "என் கயிறுதாம்மா அது." மேசையைச் சுற்றி ஒவ்வொருவனாக வந்துகொண்டே இருந்தது. எனக்குப் பசி போய்விட்டது. இந்த வாயைத் திறக்க வைக்கத்தானே நான் தெருத்தெருவாக அலைந்தேன்!

"எல்லாரும் நிறுத்துங்கடா!" என்று பிரைஸ் எழுந்தான். "என்ன பேசறோம்னு தெரியுதா? வீடு போயிடும்டா!" லவோன் பக்கம் திரும்பினான். "அம்மா, நீங்களே சொல்லுங்க. வீடு போனா உங்களுக்கும்தானே..."

அப்போதுதான் லவோன் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். தொங்கும் உதட்டோடு, ஊதிப்போன கன்னத்தோடு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரைஸ் மெதுவாக உட்கார்ந்தான்.

"அனுப்பினது நான்தான்" என்றான். "அவன்கிட்ட வண்டி இருக்குதுன்னு அவனப் போகச் சொன்னேன். வேண்டாம்னான். எல்லாரும் செய்யறதுதான்னேன்." கொஞ்சம் நிறுத்தினான். "வாய்க்கால்லேருந்து ஃபோன் பண்ணினான். அந்த ஆளு மூச்சு விடறாரான்னே தெரியல, யாராவது வாங்கடான்னு அழுதான். போலீஸ் வந்தா தனியா வந்தேன்னு சொல்லுன்னுட்டு நான் வெச்சுட்டேன்."

இது மற்றவர்களுக்கே தெரியாது என்று முகங்களைப் பார்த்தால் தெரிந்தது. டக்கர் துடைக்கும் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

லவோன் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அம்மாக்கள் மாடி ஏறுவதில்லை, அது பையன்களின் இடம். அவள் ஏறினாள். தலைக்கு மேலே பலகை கிறீச்சிட்டது. திரும்பி வரும்போது எல்லிஸின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவன் டை கட்டவில்லை, காலில் செருப்பும் இல்லை. அவனுடைய நாற்காலியில் அவனை உட்கார வைத்து, தன் தட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். பிறகு தன் இடத்துக்கு வந்து முள்கரண்டியை எடுத்தாள். என் தட்டு மசியலில் கொஞ்சம் எடுத்து வாயில் வைக்கப் பார்த்தாள், அது தாடை வழியாக மடியில் விழுந்தது. ஆறிப்போன இறைச்சியைப் பையன்கள் தலை நிமிராமல் சாப்பிட்டார்கள்.

இருவரும் அவளுடைய அறைக்குப் போனதும் நான் கொதித்தேன். "இப்பவே டீனுக்கு ஃபோன் பண்றேன். அந்தப் பிரைஸப் பாத்தியா? ஆனா உன்ன மெச்சணும்டி. சும்மா உக்காந்தே எல்லாத்தையும் கக்க வெச்சுட்டே!"

மரப்பு கொஞ்சம் இறங்கியிருந்தது. கன்னத்தில் ஐஸ் பொட்டலத்தை அழுத்திக்கொண்டு என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"நான் என்ன பண்ணினேன்? ஃபோர்க் ஞாபகமே இல்லடி எனக்கு. நாக்கு வாயில எந்தப் பக்கம் இருக்குதுன்னு தேடிட்டிருந்தேன். எதிர்ல ஏதோ செவப்பா தெரிஞ்சுது, அதப் பாத்துட்டிருந்தேன். திடீர்னு அந்தச் செவப்பு அழ ஆரம்பிச்சுருச்சு."

நான் சிரித்த சிரிப்பில் அவளும் சிரித்து, வலியில் "ஐயோ ஐயோ" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சிரிப்பு நின்றது.

"நீ டீன்கிட்ட போகாத" என்றாள்.

"ஏன்? மூடி மறைக்கச் சொல்றியா?"

"நான் போறேன். வருஷா வருஷம் அந்த மணி வந்தா ஹால்ல இடம் ஒழிச்சுக் குடுத்தவ யாரு? வினிகரும் உப்பும் போட்டுத் தேச்சுப் பளபளன்னு வெச்சவ யாரு? காலைல உன்கிட்ட ஒண்ணும் தெரியாதுன்னேன். பொய் சொன்னேன் பெர்ட்டி. இந்த ரெண்டு ரூமுக்காக அந்தப் பையன விட்டுக் குடுக்கப் பாத்தேன்."

"வீட்டப் பூட்டினா?"

"பூட்டினா உன் வீட்டுல பின்ரூம் காலியாத்தானே இருக்குது" என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. எங்கள் பக்கத்தில் அதெல்லாம் வழக்கமில்லை. ஐஸ் பொட்டலத்தை மாற்றிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது கல்வீட்டுக் கதவு திறந்தது. முதலில் பிரைஸ் வந்தான், கண் வீங்கியிருந்தது. அவனுக்குப் பின்னால் டக்கர். பிறகு ஒருவர் பின் ஒருவராக வீடே வந்தது, எல்லோரும் திங்கட்கிழமைக் கோட்டிலும் டையிலும். நடுவில் எல்லிஸ், யாருடையதோ பெரிய கோட்டுக்குள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. லவோன் கார் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "மெதுவா ஓட்டுடி, அவங்க முன்னால போகட்டும்" என்றாள்.

டீன் ஹ்யூபர் கண்டிப்பான பெண்மணி. அவருடைய அறையில் இத்தனை பேருக்கு இடமில்லை, தாழ்வாரத்திலேயே நிற்க வைத்து விசாரித்தார். பிரைஸ் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான், ஃபோனில் சொன்னதையும் சேர்த்து. நால்வர் மணியைத் தூக்கியதைச் சொன்னார்கள். எல்லிஸைக் கேட்டபோது அந்த மண்டு அப்போதும், "இல்ல மேடம், நான் தனியாத்தான்..." என்று ஆரம்பித்தான்.

"டேய், போதும்டா" என்று டக்கர் அவன் தோளில் கை போட்டான். எல்லிஸ் அந்தப் பெரிய கோட்டின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

கடைசியில் லவோன் முன்னால் வந்து, ஊதிய வாயால் வினிகர் விஷயத்தைச் சொன்னாள். "இவங்கள வெச்சு நீங்க என்ன முடிவு பண்ணினாலும், அதுல என்னையும் சேர்த்துக்குங்க" என்றாள்.

டீன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். காத்திருக்கும்போது என் பையில் ஃபோன் அடித்தது. பாடற்குழு நடத்தும் அம்மாள். மெர்வின் கண் விழித்துவிட்டார். விழித்ததும் முதலில், ஞாயிற்றுக்கிழமை தன் பாட்டை எவன் பாடினான், அவன் சுருதி சேர்ந்ததா என்று கேட்டாராம். ஆஸ்பத்திரிக் காப்பியைக் குறை சொன்னாராம். நான் அதைத் தாழ்வாரத்தில் சத்தமாகச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லிஸ் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தான். "உயிரோட இருக்காரு, உயிரோட இருக்காரு" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தான். பையன்கள் அவனைச் சுற்றித் தரையிலேயே உட்கார்ந்தார்கள்.

டீன் வெளியே வந்து சொன்னதை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நானும் லவோனும் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தோம். எல்லிஸ் கல்லூரியில் இருக்கலாம். பின்கதவு திறந்ததற்கு ஊர் நீதிமன்றத்தில் அவன் பதில் சொல்லவேண்டும், அது தனி. குற்றம் சங்கத்தின் மேல். ஒரு வருஷம் புது ஆள் சேர்க்கக்கூடாது, விருந்து கூடாது, பிரைஸ் தலைவன் இல்லை. மெர்வின் நடக்கும்வரை அவர் எங்கே போகவேண்டுமோ அங்கே கல்வீடு கொண்டுபோய் விடவேண்டும். வீட்டுக்குப் பூட்டு இல்லை. "நீங்க அனுப்பின கடிதத்த நான் நம்பி, அப்புறம் உண்மை தெரிஞ்சிருந்தா, இன்னிக்கே சாவிய வாங்கியிருப்பேன்" என்று டீன் சொன்னாராம் என்று இப்போது ஊரில் பேசிக்கொள்கிறார்கள். 'சொன்னாராம்' எல்லாம் இல்லை, நான் அங்கேதான் நின்றேன், அப்படியேதான் சொன்னார்.

ஆக, என் மனுவில் கேட்டது நடந்துவிட்டது. சங்கம் பதில் சொன்னது. குதிக்கவேண்டியவள் நான். ஆனால் பக்கத்து இருக்கையில் லவோன் இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு, "ரூம் இருக்குது பெர்ட்டி, ரூம் இருக்குது" என்று சொன்னபோது வந்த நிம்மதி, ஜெயித்ததில் வரவில்லை.

கல்வீட்டு வாசலில் ஒரு பிக்கப் வண்டி நின்றிருந்தது. பின்னால் காலி, சாமான் கட்டக் கயிறு மட்டும் சுருட்டிப் போட்டிருந்தது. படியில் ஒரு பெண், வயல் பூட்ஸோடு, நின்றும் நிற்காமலும் தவித்துக்கொண்டிருந்தாள். எல்லிஸின் அம்மா ஜோலீன். விடியுமுன் கிளம்பியவளுக்கு வழியில் ஒரு செய்தியும் எட்டவில்லை. பையன்கள் இன்னும் நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

"நீங்கதான் இந்த வீட்டம்மாவா?" என்றாள் லவோனிடம். "எல்லிஸ் ரூம் எது? சாமான் கட்டி வெச்சிருக்கேன்னான். எடுத்துட்டுப் போயிடறேன். யாருக்கும் தொந்தரவு வேண்டாம்."

"சாமான் எடுக்க வேண்டாம்மா. அவன் இங்கதான் இருப்பான். அனுப்பல."

ஜோலீன் புரியாமல் பார்த்தாள். "அந்தப் பெரியவர்?"

"முழிச்சுட்டாரு. காப்பி நல்லால்லன்னு திட்டறாராம்."

"அப்போ... அவன் தனியா செஞ்சதுன்னு..."

"தனியா செய்யல" என்றாள் லவோன். "நாங்க எல்லாரும் செஞ்சோம்."

ஜோலீன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் பூட்ஸையே பார்த்தேன்.

"ஃபோன்ல தனியாத்தான் போனேன், தனியாத்தான் போனேன்னே சொல்லிட்டிருந்தான்" என்றாள். "பண்ணின தப்பு கூட எனக்குப் பெருசாத் தெரியலம்மா. வழி பூரா நான் நெனச்சதெல்லாம் ஒண்ணுதான். இத்தன பேர் இருக்கற வீட்டுல எம் புள்ளைக்கு ஒருத்தன் கூடவா இல்லாமப் போயிட்டான்னு."

தெருமுனையில் கோட்டும் டையுமாகப் பையன்கள் திரும்பினார்கள். நடுவில் எல்லிஸ், டக்கரின் கை இன்னும் அவன் தோளில். லவோன் மெதுவாகக் குனிந்து ஜோலீன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

"இருக்காங்கம்மா, பாருங்க" என்றாள். "கொஞ்சம் லேட்டா வந்தாங்க, அவ்வளவுதான்."